மலைப்பாம்பு வீட்டுச் சீர்

வேணாம் தம்பி, தட்டு என் மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா பஸ் ஆடுற ஆட்டத்துல பழம் நசுங்கிப் போகும். கால்கிட்ட வைக்கவும் கூடாது. ரெண்டு கையாலயும் இப்படிப் பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. மேலூர்ல ஏறினதுல இருந்து இப்படித்தான் வர்றேன். உங்களுக்குச் சன்னல் பக்கம் வேணுமா? வேணாமா? நல்லது. எனக்கு வேணும். இறங்குற இடத்தைத் தவற விட்டுறக் கூடாது பாருங்க.

விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னாடி, நீலநதி பார்க் ஸ்டாப். பாத்திருப்பீங்க. ரோட்டுல இருந்தே தெரியும், பெரிய சுறா ஒண்ணு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கும். அங்க உள்ள இருக்கிற மண்டபத்துல இன்னைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்.

இல்ல இல்ல, வாழ்த்தெல்லாம் வேணாம். நான் கல்யாணத்துக்குப் போகலை. என்கிட்ட அந்தப் பார்க்குக்கு வருசப் பாஸ் ஒண்ணு இருக்கு. இந்த மாசத்தோட முடியுது. ஒரு தடவைகூட உள்ள போகலை. வீணாப் போகுதேன்னு போறேன். இன்னைக்குத்தான் போகணும்னு எனக்கு ஒரு கட்டாயமும் இல்ல. கடைக்கு லீவு விட்டேன், போறேன். அவ்வளவுதான்.

தட்டா? இது சும்மா. வழியில பசிச்சாச் சாப்பிடலாம்னு. பட்டுச் சேலை இருந்தா என்ன தம்பி, சேலைக்கு மேல பழம் இருந்தாப் பசிக்குச் சாப்பிடக் கூடாதா?

என் பேரு தவமணி. மேலூர்ல வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்கேன். அண்டா, குண்டா, நாற்காலி, சாமியானா எல்லாம் உண்டு. சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணம்னாலும் என் கடைத் தட்டுலதான் சீர் போகும். நல்லாத்தான் போகுது வியாபாரம். என்ன, ரெண்டு நாளா ஒரு ஜமக்காளத்தைக் காணோம். செவப்பும் நீலமும் கோடு போட்டது, ஓரத்துல 'தவம்'னு வெள்ளைப் பெயின்ட்ல எழுதியிருக்கும். எவன் எடுத்துட்டுப் போனான்னு தெரியலை. வீட்டுக்காரியைக் கேக்கலாம்னா, அவளும் ரெண்டு நாளா ஊர்ல இல்ல. அங்கதான் போயிருக்கா. கல்யாணத்துக்கு.

ஆனா பாத்திரக் கடை தவமணின்னா எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. மலைப்பாம்பு தவமணின்னு கேளுங்க, சின்னப்புள்ள கூட வீடு காட்டும்.

மலைப்பாம்பு தெரியாதா? குதூகலம் பார்க் தெரியுமா? அதுவும் தெரியாதா? எந்த ஊரு தம்பி நீங்க? சரி விடுங்க. எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கிற பார்க் குதூகலம். அதுல இருக்கிற ரோலர் கோஸ்டர் பேருதான் மலைப்பாம்பு. பச்சைக் கலர். மேல ஏறுறப்ப கடகடகடன்னு ஒரு சத்தம் குடுக்கும் பாருங்க, எங்க கடை வரைக்கும் கேக்கும். அந்த மலைப்பாம்புக்கு ரசிகர் மன்றம் ஆரம்பிச்சவன் நான். தலைவர், நிறுவனர் ரெண்டும் நான்தான். நடிகருக்கு மன்றம் வைக்கிறான், நாளைக்கு அவன் படம் ஓடலைன்னா தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான். மலைப்பாம்பு என்னைக்காவது ஓடாம இருந்துருக்கா? கரண்டு இருந்தா ஓடும்.

வருசா வருசம் அதுக்குப் பொறந்தநாள் கொண்டாடுவோம். ஃப்ளெக்ஸ் வைப்போம், கேட்டுக்கு வெளிய அன்னதானம் போடுவோம். ஏன் வெளியன்னா, உள்ள சாப்பாடு கொண்டு போக விட மாட்டாங்க. வெளி உணவுக்கு அனுமதி இல்ல. எங்க பார்க்ல அந்த விதி ரொம்ப கண்டிப்பு. நல்ல விதி தம்பி. ஆளாளுக்குப் புளிச்சோத்தைக் கட்டிக்கிட்டு வந்தா இடம் என்னத்துக்கு ஆகும்? ஒரு ஒழுங்கு வேணும்ல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வரும்.

நானா? நான் அதுல ஏறினது இல்ல. எனக்குத் தலை சுத்தும். ரசிகன்னா ஏறியே ஆகணுமா? நான் கீழ நிப்பேன். மன்றத்து ஆளுக செருப்பு, செல்போன், பர்சு எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு நிப்பேன். ஏறுறது என் பொண்ணு. சிந்துஜா. ஒரே பொண்ணு. ஏற விடுற உயரம் வந்த அன்னைக்கே ஏறினா. உச்சியில போய் ஒரு நொடி நிக்கும் பாருங்க, கவுறதுக்கு முன்னாடி? அந்த நேரத்துல எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடுவாங்க. அவ ரெண்டு கையையும் விட்டுட்டு மேல தூக்குவா. கூட்டத்துல என்னைத் தேடுவா. நானும் கீழ இருந்து ரெண்டு கையையும் தூக்குவேன். கையில செருப்பு இருக்கும், பர்சு இருக்கும், அதோட தூக்குவேன். நான் தூக்கினதைப் பாத்தப்புறம்தான் அவ சிரிப்பா. அதுக்கப்புறம்தான் வண்டி கவுறும். எத்தனை வருசம் அப்படி! காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போனப்புறமும் அப்படித்தான்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

போன வருசம் ஒருநாள் டிவியில நியூஸ். குதூகலம் கம்பெனியும் நீலநதி கம்பெனியும் ஒண்ணாச் சேருதாம். ரெண்டு முதலாளியும் கையெழுத்துப் போட்டுட்டுக் கை குலுக்குறாங்க, சிரிக்கிறாங்க. எனக்குச் சோறு இறங்கலை தம்பி. நீலநதின்னா யாரு? எங்களுக்கு எதிரி. அங்க என்ன இருக்கு? தண்ணி. சறுக்குற பலகையில தண்ணியை விட்டா அது ரைடா? 'சுறா வாய்'னு பேரு வேற. அதுக்கு ஒரு மன்றம், அதுக்கு ஒரு தலைவர், அந்தோணிராஜ்னு, விராலிமலையில டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கிறவரு. அவரும் நானும் போன்ல எத்தனை வருசம் சண்டை போட்டிருக்கோம்! அவங்க கூடப் போய் ஒண்ணாச் சேரணும்னா எப்படி?

அன்னைக்கு ராத்திரியே மன்றத்தைக் கூட்டினேன். ஒருத்தன் மொட்டை போட்டுட்டு வந்துட்டான். ஒருத்தன் அழுவுறான். மலைப்பாம்பைக் கழட்டி இரும்பு வெலைக்கு விக்கப் போறாங்கன்னு ஒருத்தன் கிளப்பி விட்டான். நீலப் பெயின்ட் அடிச்சு 'சுறா வால்'னு பேர் மாத்தப் போறாங்கன்னு இன்னொருத்தன். நான் ஆத்திரப்படலை. நான் எதுக்கும் ஆத்திரப்படற ஆள் இல்ல. பொறுமையா யோசிச்சு, ஒரே ஒரு போஸ்டர் அடிச்சேன்.

மலைப்பாம்பு போட்டோவுக்கு மாலை போட்டு, பக்கத்துல ரெண்டு குத்துவிளக்கு. மேல 'கண்ணீர் அஞ்சலி'. கீழ 'துயரத்தில் பங்குகொள்ளும் மலைப்பாம்பு ரசிகர் மன்றம்'. மேலூர்ல இருந்து பார்க் வாசல் வரைக்கும் ஒட்டினோம். உணர்ச்சியைக் காட்ட வேறென்ன வழி இருக்கு?

சனம் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு தம்பி. லீவுக்குக் குடும்பத்தோட வர்றவன் வாசல்ல வண்டியை நிறுத்துறான், போஸ்டரைப் பாக்குறான், இந்த ராட்டினத்துல ஏறி யாரோ செத்துப் போயிட்டாங்கடான்னு வண்டியைத் திருப்புறான். உள்ள மலைப்பாம்பு கடகடன்னு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, ஏறத்தான் ஆள் இல்ல. பார்க் மேனேஜரே என் கடைக்கு வந்துட்டாரு. டை கட்டுன மனுசன், அண்டா மேல உக்காந்து கையெடுத்துக் கும்பிடுறாரு. "அண்ணே, போஸ்டரைக் கிழிங்கண்ணே. யாரும் எதையும் மூடலை. யாரும் எதையும் விக்கலை. ரெண்டு கம்பெனியும் ஒண்ணாகுது, அவ்வளவுதான். ஒரு கல்யாணம் மாதிரி நெனச்சுக்குங்களேன்"ன்னாரு.

அவரு சொன்னது எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. கல்யாணம்! அதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் போறேன்? கல்யாணம்னா எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். என் தொழிலே அதுதானே.

மறுபடி மன்றத்தைக் கூட்டினேன். கல்யாணம்னா யாரு மாப்பிள்ளை வீடு, யாரு பொண்ணு வீடு? அதை மொதல்ல முடிவு பண்ணணும்ல? எங்க ஆளுக எல்லாரும் நாமதான் மாப்பிள்ளை வீடுன்னு சொல்றாங்க. பேருல குதூகலம்தான் முன்னாடி வருது, 'குதூகலம் நீலநதி குழுமம்'னுதான் போர்டு வைக்கப் போறாங்க, அதனால நாமதான் மாப்பிள்ளைங்கிறாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா நான் நியாயமா யோசிச்சேன். தலைமை ஆபீஸ் எங்க போகுது? விராலிமலைக்கு. எங்க கணக்குப்பிள்ளைங்க, கம்ப்யூட்டரு, பீரோ எல்லாம் வேன்ல ஏறி எங்க போகுது? விராலிமலைக்கு. பெட்டி படுக்கையோட யாரு யாரு வீட்டுக்குப் போறாங்களோ அவங்கதானே பொண்ணு? அப்ப நாங்கதான் பொண்ணு வீடு.

நான் அதைச் சொன்னதும் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பொண்ணைப் பெத்தவன் வேதனை என்னன்னு அன்னைக்குத்தான் தம்பி எனக்குத் தெரிஞ்சுது. இத்தனை வருசம் கண்ணுக்குக் கண்ணாப் பாத்துக்கிட்டதை அடுத்த வீட்டுக்கு அனுப்பணும்னா சும்மாவா? அவங்க எப்படி வச்சுக்குவாங்களோ என்னவோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. சிந்துஜாதான் தண்ணி கொண்டாந்து குடுத்து, "படுங்கப்பா, எல்லாம் நல்லாப் பாத்துக்குவாங்க"ன்னு சொல்லுவா. ஆறுதலான பொண்ணு.

அந்தோணிராஜுக்குப் போன் போட்டேன். "சம்பந்தி, நாங்க பொண்ணு வீடு, முறைப்படி சீர் கொண்டு வர்றோம்"னேன். மனுசன் அசந்து போயிட்டாரு. "வாங்க சம்பந்தி, மாலையோட வாசல்ல நிக்கிறேன்"னாரு. அதுவரைக்கும் அவரு மேல எனக்கு இருந்த கோவமெல்லாம் அந்த ஒரு சொல்லுல போயிருச்சு.

பதினோரு தட்டு. எல்லாம் என் கடை எவர்சில்வர் தட்டு, பெரிய சைஸ், இதோ இந்த மாதிரி. வாழைப்பழம், ஆப்பிள், லட்டு, அதிரசம், கல்கண்டு, தேங்காய், பூ, மஞ்சள் குங்குமம். சுறா வாய்க்கு ஒரு பட்டு வேட்டி. சிரிக்காதீங்க தம்பி. ஒரு வேன், அதுக்கு முன்னாடி நாதஸ்வரம். பொம்பளையாளுக தட்டு எடுத்துக்கிட்டு வரிசையா நடக்குறாங்க, முன்னால என் பொண்ணு. ஹைவேயில போற லாரிக்காரன் எல்லாம் ஓரங்கட்டிப் பாக்குறான்.

நீலநதி கேட்டுக்குப் போனோம். கேட்டுல ஒருத்தன் நிக்கிறான். யூனிஃபார்ம், சட்டையில பேரு போட்டிருக்கு: கார்மேகம். கேட் சூப்பர்வைசராம். நல்ல உயரம், நல்ல மரியாதையான பேச்சு. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். கையைக் கட்டிக்கிட்டுச் சொல்றான், "ஐயா, மன்னிச்சுக்குங்க. வெளி உணவுக்கு அனுமதி இல்லைங்க."

"தம்பி, இது சாப்பாடு இல்ல, சீர்"னேன்.

"லட்டு இருக்குங்களே ஐயா"ங்கிறான்.

"லட்டு இல்லாம சீர் உண்டாடா?"

"பூ, குங்குமம், துணி எல்லாம் கொண்டு போலாங்கய்யா. லட்டு, அதிரசம், பழம் முடியாதுங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாங்க"ன்னு மேல கையைக் காட்டுறான். வாசலுக்கு மேல வண்டி அகலத்துக்கு ஒரு போர்டு, 'வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை'ன்னு.

தேங்காயில ஒரு பஞ்சாயத்து வந்துச்சு. தேங்காய் உணவா, உணவு இல்லையான்னு. உடைக்காத தேங்காய் பூசைச் சாமான், அதைக் கொண்டு போலாம், உடைச்சா உணவுன்னு அவனே ஒரு தீர்ப்புச் சொன்னான். யோசிச்சுத்தான் சொன்னான், ஆனா எனக்கு அப்ப அதைக் கேக்குற நெலமை இல்ல. அந்தோணிராஜ் எங்கன்னு பாத்தா, உள்ள, கம்பிக்கு அந்தப் பக்கம், கையில மாலையோட நிக்கிறாரு. "வெளிய வாங்க சம்பந்தி"ங்கிறேன். "வந்தா மறுபடி டிக்கெட் எடுக்கச் சொல்லுவாங்க சம்பந்தி"ங்கிறாரு. உள்ள ஒரு சம்பந்தி, வெளிய ஒரு சம்பந்தி, நடுவுல கம்பி. நாதஸ்வரக்காரர் வாசிக்கவா நிறுத்தவான்னு என்னையே பாக்குறாரு.

அப்புறம் அந்தப் பையன் ஒண்ணு சொன்னான் பாருங்க, அதைத்தான் என்னால இன்னைக்கு வரைக்கும் செமிக்க முடியலை. "தட்டையெல்லாம் லக்கேஜ் ரூம்ல வச்சுட்டுப் போங்கய்யா, பத்திரமா இருக்கும், டோக்கன் குடுக்கிறேன்"ங்கிறான். சீர்வரிசைக்கு டோக்கன்! எந்த ஊர்லயாவது, எந்தச் சாதியிலயாவது, சீருக்கு டோக்கன் போட்டிருக்கானா?

நம்ம பார்க்லயும் அதே விதிதானேப்பான்னு சிந்துஜா என் காதுல சொன்னா. நான் அவளுக்கு விளக்கினேன். நம்ம பார்க்ல அது ஒழுங்கு. இங்க அது திமிர். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல தம்பி?

தட்டைத் திருப்பி எடுத்துட்டு வரவும் முடியலை. சீர் திரும்புனா கல்யாணம் முறிஞ்ச மாதிரி. அதனால எல்லாத்தையும் அங்கயே விட்டுட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வேன்ல ஏறிட்டேன். "நீ பாத்து ஒப்படைச்சுட்டு டோக்கனை வாங்கிட்டு வா"ன்னு பொண்ணை விட்டுட்டு வந்தேன். பொறுப்பான பொண்ணு, பதினோரு டோக்கனையும் பத்திரமா வாங்கிட்டு அடுத்த பஸ்ல வந்தா.

அப்புறம் முகூர்த்த சீசன் வந்துருச்சு, கடைக்குத் தட்டு வேணும். பண்டமெல்லாம் கெட்டுப் போகுமேன்னு அந்தப் பையன் அன்னைக்கே ஸ்டாப்புல நின்ன சனத்துக்குக் குடுத்துட்டானாம், தட்டு மட்டும் கழுவி இருக்காம். சிந்துஜாவை அனுப்பினேன். ஒரு தட்டோட வந்தா. என்னம்மான்னு கேட்டா, ஒரு நாளைக்கு ஒரு டோக்கன்தான் எடுப்பாங்களாம். பாத்தீங்களா எவ்வளவு கொழுப்புன்னு? ஆனா எம்பொண்ணு சலிக்கலை தம்பி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காலையில பஸ் ஏறிப் போவா, சாயங்காலம் ஒரு தட்டோட வருவா. நல்லாத் தலை சீவி, பூ வச்சு, புதுச் சுடிதார் போட்டுக்கிட்டுப் போவா. எதிரி வாசலுக்குப் போறப்ப நாம ஒரு கெத்தாத்தான் போகணும், அது நான் சொல்லிக் குடுத்தது. ஒரு டோக்கனுக்கு ஏம்மா சாயங்காலம் வரைக்கும் ஆகுதுன்னு கேட்டேன். கூட்டம்ப்பான்னா. லீவு நாள்ல கூட்டம் இருக்கத்தானே செய்யும்?

எங்க வீட்டுக்காரி பஞ்சவர்ணம் மட்டும் அடுப்படியில நின்னு சிரிச்சுக்கிட்டு இருப்பா. எதுக்குடி சிரிக்கிறேன்னா, ஒண்ணுமில்லைம்பா.

நடுவுல சிந்துஜா ஏதோ பேசணும் பேசணும்னு வந்தா. நான் வேலையா இருந்தேன். மன்றம் உடையுற நேரம் அது. ஒரே பாஸ்ல ரெண்டு பார்க்கும் போலாம்னு கம்பெனி சொன்னதும் எங்க ஆளுக ஒவ்வொருத்தனா நீலநதிக்குப் போய் சறுக்க ஆரம்பிச்சுட்டான். மொட்டை போட்டவன்தான் மொத ஆளு. போயிட்டு வந்து, "தலைவரே, சுறா வாய் நல்லாத்தான் இருக்கு"ங்கிறான், முடி கூட இன்னும் சரியா முளைக்கலை. ரெண்டு மன்றத்தையும் ஒண்ணாச் சேத்து அந்தோணிராஜைத் தலைவராப் போட்டாங்க. எனக்கு கௌரவத் தலைவர் தர்றேன்னாங்க, ஒரு பாஸையும் கடையில குடுத்துட்டுப் போனாங்க. நான் சேரலை. நாங்கதான் தாய் மன்றம். நாங்கன்னா, இப்போதைக்கு நான்.

அந்த நேரத்துலதான் ஒருநாள் வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா கார்மேகம். யூனிஃபார்ம் இல்ல, வெள்ளை வேட்டி சட்டை. கையில பதினோராவது தட்டு. வெத்தலை, பாக்கு, பூ, பழம், லட்டு. பின்னால அவங்க அம்மா. சிந்துஜா கதவோரமா நிக்கிறா, புதுச் சுடிதார்.

நான் மொதல்ல தட்டைத்தான் பாத்தேன். நெளியலை, கீறல் இல்ல, பளபளன்னு இருந்துச்சு. அப்புறம்தான் அவன் மூஞ்சியைப் பாத்தேன். "ஐயா, சிந்துஜாவை எனக்குக் குடுக்கணும்"னான். நேராக் கேட்டான். அதையும் நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். சாதி, மதம், வசதி இதெல்லாம் நான் பாக்கவே மாட்டேன். அந்த மாதிரி பழைய ஆள் இல்ல நான். அவன் என்ன ஆளுகன்னு இந்த நிமிசம் வரைக்கும் நான் கேட்டதில்ல. எந்தப் பார்க்குன்னு மட்டும்தான் பாப்பேன்.

படியில குறுக்க நின்னுக்கிட்டுச் சொன்னேன். "மன்னிச்சுக்குங்க. வெளி உணவுக்கு அனுமதி இல்ல."

எப்படி? நாலு மாசமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்ததைச் சரியான இடத்துல இறக்கினேன்ல? தட்டைப் படியில வச்சான், கும்பிட்டான், அவங்க அம்மாவைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். நான் ஜெயிச்சுட்டேன்னுதான் திரும்பினேன். சிந்துஜா அங்கயே நிக்கிறா. அழலை. "நெசமாவாப்பா?"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மான்னேன்.

அன்னையில இருந்து அவ மலைப்பாம்புல ஏறலை தம்பி. பாஸ் இருக்கு, பார்க் இருக்கு. ஏறலை. கடகடன்னு சத்தம் மட்டும் கடைக்குக் கேக்கும். நான் போய் யாருக்காகக் கீழ நிக்கிறது?

பஞ்சவர்ணம் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. இருபத்தேழு வருசத்துல அவ அப்படிப் பேசினதில்ல. "இரும்புப் பாம்புக்கு நாதஸ்வரம் வச்சுச் சீர் கொண்டு போன மனுசனே, பெத்த பொண்ணுக்கு ஒரு முழம் பூ கொண்டு போக மாட்டியா?"ன்னா. அது வேற, இது வேறன்னேன். எது வேறன்னு கேட்டா. எனக்குச் சட்டுன்னு வரலை. இப்பவும் வரலை. நல்ல பதில் ஒண்ணு இருக்கு, வரலை, அவ்வளவுதான்.

அவளே நாள் குறிச்சா. பார்க்ல வேலை செய்றவங்களுக்கு அந்த மண்டபத்தைக் குடுப்பாங்களாம், அங்கயே வச்சுட்டாங்க. ஊர்ல இத்தனை கல்யாணத்துக்கு என் கடைச் சாமான் போயிருக்கு, என் பொண்ணு கல்யாணத்துக்கு அங்க எந்தக் கடைக்காரன் தட்டோ. எவர்சில்வரான்னு கூடத் தெரியலை.

முந்தாநாள் ஆத்தாளும் மகளும் பெட்டியோட கிளம்பினாங்க. பெட்டி படுக்கையோட அடுத்த வீட்டுக்குப் போனா அதுக்கு என்ன அர்த்தம்னு நான்தானே மன்றத்துல சொன்னேன். கடையில இருந்தேன். நாற்காலி எண்ணிக்கிட்டு இருந்தேன். "வர்றேம்ப்பா"ன்னா. தலையை ஆட்டினேன். தெருமுனையில திரும்புறப்ப அவ கையைத் தூக்கினாளோ என்னவோ, நான் நிமிரலை. நாற்காலிக் கணக்குத் தப்பிப் போச்சு, மறுபடி மொதல்ல இருந்து எண்ணினேன். மறுபடி தப்பிப் போச்சு.

இதுதான் அந்தத் தட்டு. அவன் படியில வச்சுட்டுப் போனது. என் தட்டுதானே, எடுத்து உள்ள வச்சேன். அதுக்கப்புறம் வாடகைக்கு விடலை. ஏன்னு கேக்காதீங்க, விடலை. காலையில சும்மாத்தான் இருந்துச்சு, எதையாவது வைப்போம்னு வச்சேன். சேலை, அது கடைத்தெருவுல போறப்ப கண்ணுல பட்டுச்சு. அரக்குக் கலர், அவளுக்கு எடுப்பா இருக்கும். லட்டு வைக்கலை பாருங்க. வேணும்னேதான் வைக்கலை. பழம் மட்டும்தான். பழத்துக்கும் விட மாட்டான், எனக்குத் தெரியும். அந்தப் போர்டு அங்கதானே இருக்கும். கேட்டுலயே மறிப்பாங்க, ஐயா மன்னிச்சுக்குங்கம்பாங்க. டோக்கன் குடுப்பாங்க. பெத்த பொண்ணு கல்யாணத்துல, அத்தனை சனத்துக்கு முன்னாடி, தட்டை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறதுன்னா... அதான் இறங்காம நேரா திருச்சிக்கே போயிரலாமான்னும் ஒரு நெனப்பு. டிக்கெட்டு திருச்சி வரைக்கும்தான் எடுத்திருக்கேன். மலைக்கோட்டையைப் பாத்து ரொம்ப நாளாச்சு.

அந்தா, சுறா வாய் தெரியுது. பாத்தீங்களா? அம்புட்டுப் பெரிசு.

கண்டக்டர் சார், நீலநதி ஸ்டாப்புல நிப்பாட்டுங்க, வேற யாராச்சும் இறங்குவாங்க.

வாசல்ல வாழை மரம் கட்டியிருக்காங்க. சீரியல் லைட்டு. என்ன தம்பி, போர்டைக் காணோம்? வாசலுக்கு மேலதானே இருந்துச்சு, வண்டி அகலத்துக்கு? இருக்கு, இருக்கு. மேல எதையோ போட்டு மூடியிருக்காங்க. செவப்பா... நீலம்...

என் ஜமக்காளம் தம்பி! அது என் ஜமக்காளம்! ஓரத்துல பாருங்க, 'தவம்' தலைகீழாத் தொங்குது. கடையில தேடாத இடம் இல்ல, இங்க கொண்டாந்து போர்டுல கட்டியிருக்காளுக! ஒரு வார்த்தை கேக்க வேணாமா என்னை? இவனும் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொன்னவன்தானே, கல்யாணம்னா போர்டை மூடிரலாமா? அது எப்படி? இதைக் கேக்காம விட முடியுமா? இறங்கித்தான் ஆகணும். நான் ஒண்ணும் கல்யாணத்துக்கு இறங்கலை, என் ஜமக்காளத்துக்கு இறங்குறேன்.

அந்தப் போர்டுக்குக் கீழ யாரோ நிக்குது. கழுத்துல மாலை. முகூர்த்த நேரத்துல பொண்ணு இப்படி வெயில்ல வந்து கேட்டுல நிப்பாளா? ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாக்குறா, பைத்தியக்காரி. காலையில இருந்தே நிக்கிறா போல.

பாத்துட்டா. என்னைப் பாத்துட்டா.

ரெண்டு கையையும் தூக்குறா தம்பி.

இந்தத் தட்டைக் கொஞ்சம் பிடிங்க. பழம் போனாப் போகுது, பிடிங்க தம்பி, சீக்கிரம். எனக்கு ரெண்டு கையும் வேணும்.